ஆற்றுக்குக் கணக்குப் பார்த்த பள்ளிக்கூடம்

பி.காம். படிக்கிறவனுக்கு ஆற்றுத் தண்ணீரில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஆடிட்டிங் பாடத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் விஷயம் ஒன்று உண்டு: கணக்கு எழுதுகிறவரே அந்தக் கணக்கைச் சரிபார்க்கக் கூடாது. ஒரு சின்னக் கம்பெனிக்கே இந்த விதி என்றால், ஊரே குடிக்கிற, குளிக்கிற ஆற்றுக்கு? ஆற்றில் கழிவை விடுகிறவர்களும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் தருகிற அறிக்கையை யார் சரிபார்ப்பது?

இந்த வேலையை ஒரு காலத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பு செய்தது. அந்தக் கதையையும், ஆய்வுக்கூடத்தில் இருந்த சோதனைகள் மாணவர்கள் கைக்கு எப்படி வந்தன என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் :)

1984, ஆன் ஆர்பர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். ஹூரான் ஆறு அந்த ஊர் வழியாக ஓடுகிறது. ஆற்றை ஒட்டியே ஹூரான் உயர்நிலைப் பள்ளி. பாய் கட்டிய பலகையில் ஏறி நின்று காற்றோடு மிதந்து போகும் விளையாட்டு ஒன்று உண்டல்லவா, அதைப் பள்ளி மாணவர்கள் அந்த ஆற்றில் விளையாடுவார்கள். 1984ல் அப்படி விளையாடிய சில மாணவர்களுக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தது. மஞ்சள் காமாலையில் ஒரு வகை அது. மனித மலத்தில் இருக்கும் வைரஸ், தண்ணீர் அல்லது உணவு வழியாக இன்னொருவர் வாய்க்குள் போவதால் வருவது.

"ஆற்றில் விளையாடாதே" என்று சொல்லிவிட்டு விஷயத்தை முடித்திருக்கலாம். பெரும்பாலான ஊர்களில் அப்படித்தான் முடியும். இங்கே உயிரியல் வகுப்பு மாணவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப் அவர்களுக்குத் துணையாக வந்தார். மாணவர்கள் ஆற்றின் பல இடங்களில் தண்ணீர் எடுத்து மலக் கோலிஃபார்ம் பாக்டீரியாவைத் தேடினார்கள்.

இந்த பாக்டீரியா மனிதர்கள், விலங்குகளின் குடலில் கோடிக்கணக்கில் வாழ்வது. இதில் பெரும்பாலானவை நமக்கு நோய் தருவதில்லை. ஆனால் இது தண்ணீரில் இருந்தால் அங்கே மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலம் கலந்திருந்தால் காமாலை வைரஸும் டைஃபாய்டு கிருமியும்கூட இருக்க வாய்ப்புண்டு. நெருப்பில்லாமல் புகையாது என்பார்களே, அந்தப் புகைதான் கோலிஃபார்ம். வைரஸை நேரடியாகப் பிடிப்பது பெரிய ஆய்வுக்கூட வேலை. புகையைப் பார்ப்பது சுலபம். தண்ணீரை மிக நுண்ணிய வடிதாள் வழியாக வடிகட்டி, அந்தத் தாளைக் கிருமி வளர்வதற்கான உணவுக் கரைசலில் வைத்து, 44.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நாள் விட்டால் நீலப் புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் வடிதாளில் ஒட்டிய பாக்டீரியா பெருகி உண்டானது. அவற்றை எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

மழைநீர் வடிகால்கள் ஆற்றில் வந்து சேரும் இடங்களில் எண்ணிக்கை எகிறியது. மழைத் தண்ணீர் மட்டும் வரவேண்டிய பழுதான வடிகால்களில் சாக்கடையும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. மாணவர்கள் அந்த எண்களைக் கொண்டுபோய் ஊர் நிர்வாகத்திடம் வைத்தார்கள். வடிகால்கள் சரிசெய்யப்பட்டன.

இவ்வளவு நேராக முடிந்ததற்கு மாணவர்களின் கெட்டிக்காரத்தனம் மட்டும் காரணமில்லை. அவர்கள் கையில் கருவி இருந்தது. அது ஒரே நாளில் வந்ததும் இல்லை.

யார் கையில் இருந்தது அளவுகோல்?

தண்ணீரைச் சோதிக்கும் முறைகளின் வரலாற்றைப் புரட்டினால் ஒன்று தெரியும். ஆரம்பத்தில் எல்லாமே நிபுணர்களின் சொத்து. ஆனால் பல முறைகளின் உள்ளே இருக்கும் யோசனை மிக எளிமையானது.

1865ல் இத்தாலியில் ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார், போப்பாண்டவருக்குச் சொந்தமான கப்பலில் போய் ஒரு சோதனை செய்தார். இவர் வானியல் அறிஞரும்கூட. வட்டமான தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அந்த ஆழம்தான் தண்ணீரின் தெளிவு. செக்கி தட்டு என்று இன்றும் அதே பெயரில் ஏரிகளில் இறக்குகிறார்கள். ஒரு தட்டு, ஒரு கயிறு, இரண்டு கண். வேறு எதுவும் வேண்டாம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1870ல் சேர்ந்த முதல் மாணவி எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். படிப்பு முடிந்து அங்கேயே ஆசிரியை ஆனார். 1887ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நீர்நிலைகளை ஆராயும் பெரும்பணி தொடங்கியபோது ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதிலிருந்து ஒரு வரைபடம் உருவானது. கடலோரத்தில் இருக்கும் தண்ணீரில் இயற்கையாகவே உப்பு கூடுதல். உள்நாட்டுக்குப் போகப் போகக் குறையும். ஒவ்வொரு பகுதியிலும் இயல்பாக எவ்வளவு உப்பு இருக்க வேண்டும் என்று கோடு போட்டுவிட்டால், அதற்கு மேல் உப்பு தெரிகிற இடத்தில் சாக்கடை கலக்கிறதா என்று சந்தேகப்படலாம். ஏனென்றால் நாம் சாப்பிடும் உப்பு கழிவில்தானே வெளியே போகிறது! 'இயல்பு' என்ன என்று தெரிந்தால்தான் 'மாசு' என்ன என்று சொல்ல முடியும். எங்கள் பாடத்தில் இதற்கு அடிப்படை ஆண்டு என்று பெயர். போன வருடக் கணக்கு இல்லாமல் இந்த வருட லாபத்தை எப்படி மதிப்பிடுவது?

எனக்கு மிகவும் பிடித்தது 1888ம் ஆண்டுக் கதை. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் லாயோஷ் விங்க்ளர் என்ற 25 வயது இளைஞர், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க ஒரு முறை கண்டுபிடித்தார். முனைவர் பட்டத்துக்காகச் செய்த வேலை. ஆக அந்த முறையே ஒரு மாணவர் தந்ததுதான்.

காற்றுக் குமிழி இல்லாமல் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, மாங்கனீசு உப்பையும், அயோடைடு கலந்த காரக் கரைசலையும் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் ஏடு போலத் திரண்டு கீழே இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். பிறகு அமிலம் சேர்த்தால் பழுப்பு கரைந்து பொன்மஞ்சள் ஆகிவிடும். கொஞ்சம் ஸ்டார்ச் விட்டால் கருநீலம். அதில் சோடியம் தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனால் ஒரு சொட்டில் நீலம் சட்டென்று காணாமல் போகும். அதுவரை எத்தனை மில்லி செலவானது என்பதை வைத்து ஆக்சிஜன் அளவைக் கணக்கிடலாம். பிளஸ் டூவில் டைட்ரேஷன் செய்த நண்பர்களுக்கு அந்தக் கடைசிச் சொட்டின் பதற்றம் நன்றாகத் தெரியும்.

இந்த ஆக்சிஜனை வைத்துத்தான் இன்னொரு முக்கியமான அளவு வந்தது. பிரிட்டனில் 1898ல் அமைத்த கழிவுநீர் பற்றிய அரச ஆணையம், ஆற்றில் விடும் கழிவுக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று யோசித்தது. கழிவை பாக்டீரியா தின்னும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு அழுக்கு. மாதிரியை 5 நாள் மூடி வைத்து, முதல் நாள் அளவிலிருந்து கடைசி நாள் அளவைக் கழித்தால் பி.ஓ.டி. கிடைத்துவிடும். 1912ல் வெளியான அந்த ஆணையத்தின் எட்டாவது அறிக்கை, ஆற்றில் விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பைச் சொன்னது. தொடக்க இருப்பு, இறுதி இருப்பு, நடுவில் செலவு. சுத்தமான கணக்குப் பாடம்.

ஒன்பது சோதனை, ஒரே மதிப்பெண்

சோதனைகள் பெருகப் பெருக ஒரு புதுச் சிக்கல் வந்தது. ஆக்சிஜன் இவ்வளவு, நைட்ரேட் இவ்வளவு என்று பட்டியல் நீட்டினால் சாதாரண மனிதருக்கு என்ன புரியும்? "தண்ணீர் நல்லதா கெட்டதா, அதைச் சொல்லுங்கள்" என்றுதான் கேட்பார்.

1970ல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார அறக்கட்டளை 142 நிபுணர்களிடம் கருத்துக் கேட்டு ஒரு குறியீட்டெண் தயாரித்தது. தலைமையிடம் வேறெங்கும் இல்லை, அதே ஆன் ஆர்பர்தான்! ஒன்பது சோதனைகளை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எடை கொடுத்தார்கள். கரைந்த ஆக்சிஜனுக்கு 0.17, மலக் கோலிஃபார்முக்கு 0.16, பி.எச். அளவுக்கும் பி.ஓ.டி.க்கும் தலா 0.11, வெப்பநிலை மாற்றம், பாஸ்பேட், நைட்ரேட் மூன்றுக்கும் தலா 0.10, கலங்கலுக்கு 0.08, மொத்தத் திடப்பொருளுக்கு 0.07. கூட்டிப் பாருங்கள், சரியாக 1 வரும். கடைசியில் ஆற்றுக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண்.

விலைவாசிக் குறியீட்டெண் போட்டுப் பழகிய நமக்கு இதில் இருக்கும் ஆபத்தும் தெரியும். சராசரி என்பது பல பாவங்களை மூடி மறைக்கும். எட்டுச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கி கோலிஃபார்மில் மட்டும் கோட்டைவிட்ட ஆறு, மொத்தத்தில் 'பரவாயில்லை' என்று பாஸாகிவிடலாம். பட்டியலில் ஈயமும் ஆர்செனிக்கும் கிடையாது. எனவே குறியீட்டெண்ணை மட்டும் பார்க்காமல் அதன் பின்னால் இருக்கும் ஒன்பது எண்களையும் பார்க்க வேண்டும். ஆனாலும் மாணவர்களுக்கு அது பெரிய உதவி. வகுப்பில் ஒன்பது குழு பிரிந்து ஆளுக்கொரு சோதனை செய்தால் ஒரே நாளில் ஆற்றின் ரிப்போர்ட் கார்டு ரெடி.

ஸ்டாப் செய்த மாற்றம்

ஸ்டாப் வெறும் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. சுற்றுச்சூழல் கல்வி என்றால் என்ன என்று 1969ல் தன் மாணவர்களோடு சேர்ந்து வரையறை எழுதியவர். பின்னர் யுனெஸ்கோவின் சுற்றுச்சூழல் கல்வித் திட்டத்துக்கு முதல் தலைவராக இருந்தார். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயத்தை என் வார்த்தையில் சுருக்கினால் இப்படி வரும்: பிரச்சினை தெரிந்தால் போதாது, அதைத் தீர்க்க எங்கே போய் யாரிடம் பேசுவது என்றும் மாணவருக்குத் தெரிய வேண்டும்.

ஹூரான் அனுபவம் அடுத்து ரூஜ் ஆற்றுக்குப் போனது. டெட்ராய்ட் நகரப் பகுதி வழியாகவும் ஃபோர்டு கார் தொழிற்சாலையை ஒட்டியும் ஓடும் ஆறு அது. 1969ல் எண்ணெய் மிதந்த அந்த ஆறு தீப்பிடித்தே எரிந்தது. 1985ல் ஆற்றில் தவறி விழுந்து தண்ணீரை விழுங்கிய இளைஞர் ஒருவர் எலிக்காய்ச்சலில் இறந்துபோனார். 1987ல் 16 பள்ளிகள் சேர்ந்து ரூஜ் ஆற்றைச் சோதிக்கத் தொடங்கின.

மேல்பகுதியில் வசதியான புறநகர்ப் பள்ளிகள், கீழ்ப்பகுதியில் டெட்ராய்ட் நகரப் பள்ளிகள். தோலின் நிறத்தாலும் வருமானத்தாலும் பிரிந்து கிடந்த ஊர்கள். ஆனால் ஓடுவது ஒரே ஆறு. மேலே இருப்பவர் விடுவது கீழே இருப்பவருக்குப் போய்ச் சேரும். கம்ப்யூட்டர் வழியாக எண்களைப் பகிர்ந்துகொண்டு, பிறகு எல்லாப் பள்ளி மாணவர்களும் ஓரிடத்தில் கூடிப் பேசினார்கள். ஒரே ஒரு பள்ளி சோதித்திருந்தால் 'இங்கே இவ்வளவு அழுக்கு' என்று மட்டும்தான் சொல்லியிருக்க முடியும். வரிசையாகப் பல பள்ளிகள் சோதித்ததால் எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் அழுக்கு கூடுகிறது என்றும் பார்க்க முடிந்தது.

இதன் தொடர்ச்சியாக 1989ல் கிரீன் என்ற சுருக்கப் பெயரோடு உலக ஆறுகளுக்கான கல்வி வலையமைப்பு பிறந்தது. ஸ்டாப்பும் மார்க் மிட்செலும் சேர்ந்து எழுதிய களக் கையேடு பல நாட்டு ஆசிரியர்களுக்குப் பாடநூலானது. ஸ்டாப் 2001ல் காலமானார்.

1994ல் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் அறிவித்த குளோப் திட்டத்தில் பள்ளி மாணவர்கள் தங்கள் ஊர்த் தண்ணீரையும் வானிலையையும் அளந்து விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார்கள். 2000ல் இந்தியாவும் இதில் சேர்ந்தது. 2003 அக்டோபர் 18 அன்று உலக நீர்க் கண்காணிப்பு நாள் தொடங்கியது. வெப்பநிலை, பி.எச்., கலங்கல், கரைந்த ஆக்சிஜன் என்ற நான்கு சோதனைகளுக்கு ஒரு சின்னப் பெட்டி போதும் என்றானது.

நம் நாட்டுப் பாட்டில்

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1982ல் குவாலியரில் இருக்கும் நம் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌரியா, ராவ் என்ற விஞ்ஞானிகள் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சின்னப் பாட்டிலுக்குள் ரசாயனத்தில் ஊறவைத்துக் காயவைத்த காகிதம் ஒன்று. அதில் குடிதண்ணீரை ஊற்றி மூடி வைக்க வேண்டியதுதான். மலக் கலப்பு இருந்தால் அதோடு வரும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அது காகிதத்தில் இருக்கும் இரும்போடு சேர்ந்து தண்ணீரைக் கறுப்பாக்கிவிடும்.

நம் ஊர் வெயிலில் இதற்கு இன்குபேட்டர்கூட அவசியமில்லை. ஓரிரு நாள் அறை வெப்பத்திலேயே விட்டுவிடலாம். மைக்ராஸ்கோப் வேண்டாம், படிப்புக்கூட வேண்டாம். கறுத்தால் குடிக்காதே. விலையும் மலிவு. பல நாடுகளில் இந்த முறை பரவியது. 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று வைத்தார்கள். அந்தச் சோதனைப் பொருட்களில் இந்தக் கறுக்கும் பாட்டிலுக்கும் இடம் உண்டு. கிராமத்துப் பெண் செய்யக்கூடிய சோதனையைக் கல்லூரி மாணவர் செய்ய முடியாதா என்ன?

இதற்கும் எல்லை உண்டு. பாட்டில் கறுத்தால் எத்தனை கிருமி என்று சொல்லாது. கறுக்காவிட்டால் ஃபுளோரைடும் ஆர்செனிக்கும் இல்லை என்று அர்த்தமில்லை.

எண் மட்டும் போதுமா?

தண்ணீர் எடுக்க வேண்டியது, மாத்திரையைப் போட வேண்டியது, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டியது, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியது. பல இடங்களில் களச் சோதனை என்பது இத்தோடு முடிந்துவிடுகிறது. இது கலர் விளையாட்டு. ஹூரான் மாணவர்கள் செய்தது இதுவல்ல. அவர்களிடம் சோதனைக்கு முன்பே ஒரு கேள்வி இருந்தது, சோதனைக்குப் பின் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது.

இதற்கு இன்னொரு சாட்சி அதே மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. 2014 ஏப்ரலில் ஃபிளின்ட் நகரம் செலவைக் குறைக்கக் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியது. குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீட்டுக்குள் வந்தது. மக்கள் புகார் செய்தார்கள். தண்ணீர் பாதுகாப்பானதுதான் என்றே அதிகாரிகள் சொல்லிவந்தார்கள்.

2015ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸும் அவருடைய மாணவர்களும் ஃபிளின்ட் மக்களோடு சேர்ந்து 300 சோதனைப் பெட்டிகளைக் கொடுத்தார்கள். பெட்டிக்கு மூன்று பாட்டில். குழாயைத் திறந்ததும் ஒன்று, 45 விநாடி கழித்து ஒன்று, 2 நிமிடம் கழித்து ஒன்று. ஈயம் வீட்டுக் குழாயிலிருந்து வருகிறதா, தெருக் குழாயிலிருந்தா என்று கண்டுபிடிக்கத்தான் இந்த இடைவெளி. மக்களே பிடித்துக் கொடுத்தார்கள், மாணவர்கள் சோதித்தார்கள். 250-க்கும் மேற்பட்ட வீடுகளிலிருந்து மாதிரிகள் திரும்பி வந்தன. பத்தில் ஒரு பங்கு வீடுகளில் லிட்டருக்கு 25 மைக்ரோகிராம் ஈயமோ அதற்கு மேலோ இருந்தது. நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்ற அளவு 15தான். அந்த அக்டோபரில் நகரம் பழைய குடிநீருக்கே திரும்பியது. 2016 ஜனவரியில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் பொருள். அதற்குள் ஒன்றரை வருடம் அந்தத் தண்ணீரை அவர்கள் குடித்துவிட்டார்கள்.

"மாணவர்கள் எடுத்த அளவை எப்படி நம்புவது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பாட்டிலில் குமிழி இருந்தாலே ஆக்சிஜன் அளவு மாறிவிடும். அதனால்தான் ஒரே இடத்தில், ஒரே முறையில், பல நாள், இரண்டிரண்டு மாதிரியாக எடுக்கச் சொல்கிறார்கள். கையுறை போட வேண்டும், மீந்த ரசாயனத்தை அதே ஆற்றில் கொட்டக் கூடாது. இவ்வளவும் செய்த பிறகும் மாணவர் தரும் எண் தீர்ப்பு ஆகாது.

ஆனால் ஆடிட்டர் தருவதும் தீர்ப்பு இல்லையே. அவர் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை. சிலவற்றை எடுத்துப் பார்த்து, இடித்தால் ஒரு கேள்வி எழுப்புவார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை கணக்கு வைத்திருப்பவருக்கு வந்துவிடுகிறது. மாணவர் கையில் இருக்கும் பாட்டிலின் வேலையும் அதுதான். "தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்று ஒருவர் சொல்லும்போது, "இந்த இடத்தில், இந்தத் தேதியில், நாங்கள் பார்த்தது இவ்வளவு. உங்கள் கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்க முடிகிறதே, அதுதான் பெரிய விஷயம்.

உங்கள் கல்லூரிக்குப் பக்கத்திலும் ஒரு குளமோ ஓடையோ இருக்கும். வேதியியல் துறை நண்பர்களிடம் பாட்டில் கேட்டால் கிடைத்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். என்ன கேள்வியோடு தண்ணீரை எடுக்கப் போகிறீர்கள்? வருகிற எண்ணை யார் மேஜையில் கொண்டுபோய் வைக்கப் போகிறீர்கள்?